நின்றபடி கடற்றொழில்

மாமா பிரான்சிலிருந்து போட் கொண்டு வருகிறார் என்ற செய்தி எங்கள் கரைக்கு வந்தபோது எனக்குப் பதினேழு வயது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. அவர் போனில் சொன்னது ஒரேயொரு வசனம்தான். "அக்கா, நத்தாருக்கு வரேக்க ஒரு போட் கொண்டு வாறன்." அம்மா அதைப் பக்கத்து வீட்டில் சொன்னா. பக்கத்து வீடு மீனவர் சங்கத் தலைவருடையது. அன்று பின்னேரமே சங்கத்தில் கூட்டம் வைத்துவிட்டார்கள்.

போட் பிளேனில் ஏறுமா, ஏறினால் மெசினோடு ஏறுமா, கொழும்பிலிருந்து முல்லைத்தீவுக்கு லொறியில் வருமா, சுற்றிக் கடலால் வருமா என்று இரண்டு மணித்தியாலம் கதைத்தார்கள். தலைவர் கரையில் அதற்கு ஒரு இடமும் பார்த்து, மணலை மட்டப்படுத்தி, ஏற்றி வைக்க நாலு கட்டையும் போட்டு வைத்தார்.

மாமா வாடகை வான் ஒன்றில் வந்து இறங்கினார். வானுக்கு மேலே கட்டியிருந்த நீளமான வெள்ளிப் பையை இறக்கப் பத்துப் பேர் போனார்கள். பத்துப் பேரும் மூச்சுப் பிடித்துத் தூக்கியதில் அது தலைக்கு மேலே போய்விட்டது, அவ்வளவு பாரமில்லை. பையைத் திறந்தால் உள்ளே ஒரு வெள்ளைப் பலகை. ஒரு முனை கூர். மற்ற முனையில், அடியில் சுறாவுக்கு இருப்பதுபோல மூன்று செட்டை.

தலைவர் அதைச் சுற்றி ஒருதரம் நடந்தார். குனிந்து அடியைப் பார்த்தார்.

"மிச்சம் எங்க?"

"மிச்சம் இல்லை அண்ணை. இதுதான் போட். போட் எண்டா இங்கிலீசில பலகை. இதில ஏறி நிண்டு அலையில வாறது" என்றார் மாமா.

"எங்க இருந்து எங்க வாறது?"

"கடல்ல இருந்து கரைக்கு."

"கடலுக்கு எங்க இருந்து போவியள்?"

"கரையில இருந்து."

"அப்ப கரையில இருந்து போய், உடன கரைக்கே திரும்பி வாறியள்."

"ஓம் அண்ணை."

"மீன்?"

"மீன் இல்லை."

தலைவர் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. பிரான்சில் போய் இருபது வருஷம் இருந்த மனிசனுக்கு என்னவோ நடந்துவிட்டது என்ற கவலைதான் எல்லா முகத்திலும் இருந்தது.

அடுத்த நாள் காலை மாமா கடலுக்குள் இறங்கினார். மூன்றாவது அலை பலகையைத் திருப்பி அவர் வாயிலே அடித்தது. முன்பற்கள் இரண்டும் போய்விட்டன. மாதா கோயில் நத்தார்ப் பூசையில் அவர் பாடியது ஒருவருக்கும் விளங்கவில்லை. தை பிறக்க முன்னம் திரும்பிப் போனார். பலகையை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டார்.

அம்மா அதை ஆறு மாதம் கருவாடு காய வைக்கப் பாவித்தா. நல்ல பலகை என்றுதான் சொல்லவேண்டும். வெயிலில் சீக்கிரம் சூடேறும், தண்ணி ஊறாது, கழுவினால் போதும். அந்த வருஷம் எங்கள் வீட்டுக் கட்டா மீன் கருவாட்டுக்கு நல்ல பேர். பலகைக்கும் கருவாட்டு மணம் ஏறிவிட்டது. அது இன்றுவரைக்கும் போகவில்லை.

அம்மாவைப் பற்றி இந்த இடத்தில் சொல்லவேண்டும். சுனாமி அப்பாவைக் கொண்டுபோனபோது எனக்கு ஒன்பது வயது. அதற்குப் பிறகு சண்டை, இடப்பெயர்வு, முகாம் என்று எங்கெங்கோ இருந்துவிட்டுத் திரும்பி வந்தோம். வீட்டுத்திட்டத்தில் எங்களுக்கும் ஒரு வீடு கிடைத்தது. வரிசையில் இருபத்தெட்டு வீடு. இருபத்தேழு வீட்டின் வாசல் கடலைப் பார்த்திருக்கிறது. எங்கள் வீட்டு வாசல் மட்டும் பின்பக்கம். வாசலை மாற்றக் கேட்டதும், வரைபடத்தில் அப்படி இல்லையே என்று சொன்ன பொறியியலாளருக்கு அம்மா, "எனக்கு அந்தாளின்ர முகத்தைப் பாக்க ஏலாது" என்றா. அந்தாள் என்று அவா சொன்னது கடலை. பொறியியலாளர் ஏதோ குடும்பப் பிரச்சினை என்று நினைத்து வாசலை மாற்றிக் கொடுத்துவிட்டார்.

அப்படிப்பட்ட வீட்டில் இருந்துதான் நான் பலகையைத் தூக்கிக்கொண்டு போனேன். ஐப்பசி மழை தொடங்கினால் கருவாடு போட முடியாது. பலகை சுவரில் சும்மா சாய்ந்து நின்றது. வாடைக்காற்று வந்து கடல் எழும்பிவிட்டதால் வள்ளங்களும் சும்மா கிடந்தன. நானும் சும்மா இருந்தேன். காரணம் கேட்டால் இவ்வளவுதான் சொல்ல முடியும். அப்பாவை வென்ற அலையை நான் வெல்லப் போனேன் என்று பிற்காலத்தில் ஒரு பத்திரிகைக்காரர் எழுதினார். வாசிக்க வடிவாகத்தான் இருந்தது. உண்மையில் எனக்கு அன்றைக்குச் செய்ய வேறு வேலை இருக்கவில்லை.

பலகையில் வயிற்றால் படுத்து, கையால் வலித்துக்கொண்டு அலைக்கு வெளியே போனேன். கருவாட்டு மணத்துக்குக் காகங்கள் பின்னால் வந்தன. ஒரு அலை வந்து தூக்கியதும் எழும்பி நிற்கப் பார்த்தேன், தலைகீழாய்ப் போய்விட்டேன். தண்ணிக்கு மேலே வந்து கண்ணைத் துடைத்தால், ஆறு பேர் ஒரு வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு எனக்கு நேரே வருகிறார்கள். கடல் மோசம் என்று தொழிலுக்குப் போகாமல் கரையில் குந்தியிருந்த ஆட்கள். என்னைத் தலைமயிரில் பிடித்து வள்ளத்துக்குள் இழுத்துப் போட்டார்கள்.

"நான் தண்ணிக்குள்ள தாழேல்லை. விளையாடுறன்" என்றேன்.

"ஓமடா ஓம், பேசாமக் கிட" என்றார் ஒருவர், என் வயிற்றை அமத்தியபடி.

அடுத்த நாளும் விழுந்தேன். அடுத்த நாளும் காப்பாற்றினார்கள். மூன்றாம் நாள் என்னைத் தூக்க வந்த வள்ளமே கவிழ்ந்தது. அவர்களில் இருவரை நான் பலகையில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தேன். அதற்குப் பிறகுதான் சங்கத்தில் என்னைப் பற்றிக் கூட்டம் நடந்தது.

தலைவர் பதிவுப் புத்தகத்தை எடுத்தார். கடலுக்குள் போகிற சாமான் எல்லாம் அதில் இருக்கவேண்டும் என்பது அவருடைய சட்டம். நீளம்: ஆறு அடி. மெசின்: இல்லை. வலை: இல்லை. ஆட்கள்: ஒன்று. பிடிக்கும் மீன் வகை என்ற இடத்தில் வெகுநேரம் பேனையை வைத்துக்கொண்டு இருந்துவிட்டு ஒரு கோடு போட்டார். பிறகு பலகையில் கறுப்புப் பெயின்றால் ஒரு இலக்கம் எழுதினார். எங்கள் கரையில் அறுபத்திமூன்றாவது வள்ளம் என்னுடையது.

"இப்ப நீ எங்கட ஆள். ஆனா ஒவ்வொரு தரமும் உன்னைத் தூக்க வர ஏலாது. நீ சாகேல்லை எண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அதற்கு மறுமொழி அம்மாவிடமிருந்து வந்தது. அவா கூட்டத்துக்கு வந்திருந்தா. "விழுந்தா எழும்பினவுடன கையைத் தூக்கிக் காட்டட்டும். நேரா, மேல. அப்ப உயிரோட இருக்கிறான் எண்டு அர்த்தம்."

அடுத்த நாள் அம்மாவும் கரைக்கு வந்தா. குடையோடு. கடல் தெரிகிற இடம் வந்ததும் திரும்பி, மிச்சத் தூரத்தைப் பின்பக்கமாக நடந்து வந்து, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தலைவருக்குப் பக்கத்தில் நின்றா. காற்று எதிர்ப்பக்கம் வீசியதால் அவர்கள் கதைத்தது எனக்குக் கேட்கவில்லை. தலைவர் பிறகு சொல்லித்தான் தெரியும்.

"நிக்கிறானோ?"

"படுத்திருக்கிறான்."

"இப்ப?"

"எழும்புறான். எழும்பீற்றான். நிக்கிறான் தங்கச்சி, நிக்கிறான்... விழுந்திட்டான்."

"கை?"

"இன்னும் இல்லை."

"கை தலைவர், கை?"

"ஆ, காட்டுறான். காட்டுறான்."

அந்த வாடைக்காலம் முழுவதும் இப்படியே நடந்தது. நான் நாளுக்கு முப்பது நாற்பது தரம் விழுவேன். அம்மா நாற்பது தரமும் கை வந்ததா என்று கேட்பா. தலைவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. நான் நிற்கப் பழகியதைவிடக் கை தூக்கப் பழகியது கெதி. தூக்கத்தில் கட்டிலால் விழுந்தாலும் கையைத் தூக்குவேன்.

இரண்டு வாடைக்காலத்தில் நான் நிற்கவும் திரும்பவும் பழகிவிட்டேன். பலகையில் ஒருவரும் சொல்லித் தராமல் பழகியவனுக்கு, அதில் தேர்ந்தவர்கள் இருக்கிற இடத்தைப் பார்க்கவேண்டும் என்று ஆசை வரும்தானே. கிழக்கு மாகாணத்து அறுகம்குடாவுக்கு வெளிநாட்டுக்காரர் அலைச்சறுக்கு விளையாட வருவதாகக் கேள்விப்பட்டுப் போனேன். பஸ்ஸில் பலகையை நடுவழியில் கிடத்தியிருந்தேன். மட்டக்களப்புத் தாண்டுவதற்குள் அதில் நாலு பேர் இருந்துவிட்டார்கள். ஒரு மனிசி தேங்காய் மூட்டையை வைத்துவிட்டு, "தம்பி, இருக்க நல்ல வாங்கு" என்றா.

அங்கே ஒரு ஹொட்டேல் குசினியில் கோப்பை கழுவினேன். பின்னேரங்களில் கடலுக்குப் போனேன். ஒரு வருஷத்தில் கோப்பை கழுவுவதை நிறுத்திவிட்டு வெள்ளைக்காரருக்கு அலையில் நிற்கப் பழக்கத் தொடங்கினேன். அடுத்த வருஷம் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். எங்கள் மாவட்டத்திலிருந்து போன முதல் ஆள் நான் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். வேறு ஆளும் இருக்கவில்லை.

இருபது நிமிஷச் சுற்று. தண்ணிக்குள் நாலு பேர். எனக்கு முதல் அலையே நல்ல அலை. மூன்று திருப்பம் திரும்பினேன். கரையிலிருந்து கத்துவது கேட்டது. கடைசியில் அலை உடைந்தபோது விழுந்தேன். விழுந்தவுடன் எழும்பி, நேரே மேலே, கையைத் தூக்கினேன்.

கையைத் தூக்கினால் உதவி தேவை என்று உலகம் முழுக்க அர்த்தமாம். எங்கள் கரையில் மட்டும்தான் அதற்கு எதிர்மாறு. தண்ணி ஸ்கூட்டர் ஒன்று சீறிக்கொண்டு வந்தது. ஒரு தடியன் என்னைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கினான். "நான் நல்லா இருக்கிறன்!" என்று தமிழில் கத்தினேன். அவனுக்குச் சிங்களமும் இங்கிலீசும்தான் தெரியும். பதற்றத்தில் எனக்குத் தமிழ் மட்டும்தான் வந்தது. கரையில் போட்டு, கம்பளியால் சுற்றி, ஒக்சிசன் வைத்தார்கள். வெளி உதவி பெற்ற காரணத்தால் நான் போட்டியிலிருந்து நீக்கப்பட்டேன் என்று ஒலிபெருக்கி சொன்னது. கேட்டுக்கொண்டிருந்த சனம் நான் பிழைத்ததற்காகக் கை தட்டியது.

அந்தக் காட்சி எல்லாருடைய போனிலும் ஓடியது. எனக்கு ஒரு மாதம் வெட்கத்தில் தலை நிமிரவில்லை. அப்போதுதான் வவுனியாவிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். அங்கே சாரதிப் பயிற்சிப் பாடசாலை வைத்திருக்கிறவர். லேனர்ஸ் என்று எங்கள் பக்கம் சொல்வோம்.

"தம்பி, நான் உம்மட வீடியோவைப் பாத்தனான். இருபது தரம் பாத்தனான். உமக்கு நான் அனுசரணை தரலாம் எண்டு நினைக்கிறன்."

"நான் தோத்தனான் ஐயா."

"அதுதான் வேணும். வெண்ட ஆளைப் பாத்து ஒருத்தரும் லேனர்சுக்கு வரமாட்டினம். விழுந்து எழும்புற ஆளைப் பாத்தாத்தான் எங்களுக்கும் ஏலும் எண்டு நினைப்பினம்."

புதுப் பலகை வாங்கித் தந்தார். அதில் பாடசாலையின் பெயரை எழுதினால் தண்ணிக்குள் ஒருவருக்கும் தெரியாது என்று, பழகுகிற வாகனங்களுக்கு முன்னாலும் பின்னாலும் கட்டுகிற சிவப்பு எல் எழுத்தைப் பெரிதாக அடிக்கச் செய்தார். மேலே ஒன்று, கீழே ஒன்று. இன்னொரு நிபந்தனையும் வைத்தார். லேனர்ஸின் ஆள் வாகனம் ஓடத் தெரியாமல் இருப்பது வெட்கம். ஆகவே நான் அனுமதிப்பத்திரம் எடுக்கவேண்டும்.

எனக்குப் பழக்க வந்தது ஒரு பெண். நெடுங்கேணிப் பக்கம், தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. அவளுடைய தாத்தா காலத்தில் மலைநாட்டிலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். பத்து வயதிலேயே உழவு மெசின் ஓடியவள். ஓம் என்று எங்களோடும், ஆமா என்று போனில் தகப்பனோடும் சொல்வாள். முதல் நாளே என்னை வெறுத்துவிட்டாள். வளைவு வந்தால் நான் உடம்பைச் சரிப்பேன், ஸ்டியறிங்கைத் தொடமாட்டேன். அலையில் அப்படித்தான் திரும்புவது.

"உடம்பைச் சரிச்சா வாகனம் திரும்பாது. கையால திருப்புங்கோ."

"திரும்புற மாதிரித்தான் இருந்தது."

"அது நான் என்ர பக்கத்தால பிடிச்சுத் திருப்பினது."

முதல் பரீட்சையில் ஒரு கம்பத்தை விழுத்தினேன். இரண்டாவதில் நாலு. பரிசோதகர் இறங்கிப் போய் நிழலில் நின்றுவிட்டார். வீட்டுக்குத் திரும்பும்போது அவள் வாகனத்தை ஓரத்தில் நிறுத்திவிட்டு, ஸ்டியறிங்கில் தலையை வைத்துச் சிரித்தாள். ஐந்து நிமிஷம் சிரித்தாள். நான் அவளைக் கலியாணம் முடித்தால் நல்லது என்று எனக்கு அங்கேதான் தோன்றியது.

அடுத்த வருஷப் போட்டியில் கையைத் தூக்காமல் இருக்க, இடது கையை நீச்சல் காற்சட்டையின் நாடாவில் கொளுவிக்கொண்டு பழகினேன். ஆனால் நான் முன்னேறியதற்குக் காரணம் அதில்லை. அந்தச் சிவப்பு எழுத்து. தண்ணிக்குள் என் பலகையைப் பார்த்ததும் மற்றவர்கள் தள்ளித் தள்ளிப் போனார்கள். பழகுகிறவனின் பலகை எந்தப் பக்கம் பறக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஒரு அவுஸ்திரேலியன் என்னைப் பார்த்து ஊக்கப்படுத்துகிற மாதிரிச் சிரித்து, "போ, போ" என்று ஒரு முழு அலையையே விட்டுத் தந்தான். நல்ல அலை எல்லாம் எனக்கு. நான் மூன்றாம் இடம் வந்தேன். இது நியாயமில்லை என்று இருவர் முறையிட்டார்கள். நடுவர்கள் விதிப்புத்தகத்தை ஒரு மணித்தியாலம் புரட்டினார்கள். பலகையில் எழுத்து இருக்கக்கூடாது என்று எங்கேயும் இல்லை. மூன்றாம் இடத்துக்கான கிண்ணத்தின் உச்சியில் ஒரு கிரிக்கெட் வீரன் நின்றான். கடையில் வேறு உருவம் இருக்கவில்லையாம். துடுப்பை மட்டும் முறித்துவிட்டிருந்தார்கள். வெறுங்கையை ஓங்கிக்கொண்டு, யாரையோ அடிக்கப் போகிறவன் மாதிரி நின்றான்.

ஊரில் பாராட்டு விழா வைக்கவேண்டும் என்று தலைவர் முடிவெடுத்தார். பந்தல், மேளம், பாடசாலைப் பிள்ளைகளின் நடனம், கடைசியில் நான் கடலில் செய்து காட்டுவது. எல்லாம் சரி, ஆனால் அது ஆவணி மாதம். எங்கள் கடல் வாடைக்குத்தான் எழும்பும். சோளகக் காற்றுக் காலத்தில் கரை ஓரம் தட்டில் ஊற்றி வைத்த தண்ணி மாதிரிக் கிடக்கும்.

"ஒரு சின்ன அலையும் வராதோ?" என்று தலைவர் கடலைப் பார்த்துக் கேட்டார்.

"வராது அண்ணை. நீங்கள் அறுபது வருஷமாப் பாக்கிறியள்தானே."

"அப்ப றோட்டில செய்வம்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். விழா நாள் போய்ப் பார்த்தால், ஒரு உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் நெல்லு மூட்டைகளை அடுக்கி, அதற்கு மேலே என் பலகையைக் கயிற்றால் வரிந்து கட்டியிருந்தார்கள். கோயிலில் மாதா சுருவத்துக்குச் சோடிக்கிற நீலச் சேலைகளை வாங்கி, பெட்டியின் இரண்டு பக்கமும் சிறுமிகள் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் ஆட்டினால் அதுதான் அலை. நான் பலகையில் நின்று, மாலையோடு, பிரதான வீதியால் பந்தல்வரைக்கும் வரவேண்டும். அனுசரணை தந்தவர் தன் பாடசாலையும் தெரியவேண்டும் என்று சொல்லி, மெசின் ஓட அவளை அனுப்பியிருந்தார். முன்னால் எல் பலகை கட்டியிருந்தது.

"இதில நிக்கிறதுக்கு நான் ஏலாது எண்டு சொல்லலாமோ?" என்று அவளிடம் மெல்லக் கேட்டேன்.

"சனத்தைப் பாத்தீங்களா?" என்றாள்.

சனம் வீதியின் இரண்டு பக்கமும் நின்றது. ஏறினேன்.

உண்மையைச் சொன்னால், தொடக்கத்தில் நன்றாகத்தான் போனது. சிறுமிகள் சேலையை ஆட்டினார்கள். மேளம் முழங்கியது. நான் முழங்காலை மடித்து, கையை விரித்து, அலையில் வருவது போலவே வந்தேன். ஆட்கள் கத்தினார்கள். பந்தலில் முன்வரிசைக் கதிரையில் அம்மா இருந்தா. அவா நான் பலகையில் நிற்பதைக் கண்ணால் கண்டது அன்றைக்குத்தான். முகமெல்லாம் சிரிப்பு. பக்கத்திலிருந்த சுவாமியாரிடம், "இப்பதான் ஒரு நல்ல இடத்தில விளையாடுறான்" என்று சொன்னாவாம்.

அந்த நேரம் ஒரு மாடு வீதிக்கு வந்தது. அவள் பிரேக் பிடித்தாள். பிடிக்கத்தான் வேண்டும், மாடு செய்த பிழைக்கு அவள் என்ன செய்வாள். மெசின் நின்றது, பெட்டி நின்றது, நெல்லு மூட்டையும் நின்றது. நான் மட்டும் நிற்கவில்லை. அவளுடைய தலைக்கு மேலால் பறந்து, எல் பலகையையும் தாண்டி, மாட்டுக்கு முன்னால் தாரில் விழுந்தேன். விழுந்தவுடன் எழும்பிக் கையைத் தூக்கினேன். கை மணிக்கட்டில் மடிந்து, வேறு ஒரு பக்கத்தைப் பார்த்தது. எங்கள் ஊர்ச்சனத்துக்குக் கையைத் தூக்கினால் ஆள் சுகம் என்றுதானே அர்த்தம்? எல்லாரும் கை தட்டினார்கள். மேளம் இன்னும் பலமாக முழங்கியது. அவள் ஒருத்திதான் இறங்கி ஓடிவந்தாள்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டார். "எப்பிடி நடந்தது?"

"அலைச்சறுக்கு விளையாடேக்க விழுந்திட்டன்."

"எந்தக் கடல்ல?"

"மெயின் றோட்டில."

டொக்டர் என் கண்ணுக்குள் லைற் அடித்துப் பார்த்தார். தலையிலும் அடி பட்டிருக்கிறதா என்று தேடினார். அவள் நடந்ததைச் சொன்னாள். நெல்லு மூட்டை, சேலை, மாடு, எல்லாம். டொக்டர் அவளுடைய கண்ணுக்குள்ளும் லைற் அடித்துப் பார்த்தார்.

அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து இருந்தா. பிறகு, "அந்தாள் உனக்கு ஒண்டும் செய்யேல்லை பார். அஞ்சு வருஷம் அதுக்குள்ள கிடந்து உருண்டனி. ஒரு கீறல் இல்லை. அந்தாளில பிழை சொல்ல ஏலாது" என்றா. கடலுக்காக அவா கதைத்தது அது முதல் தரம். நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன். அவாவைப் பார்த்தால் அழுதிருப்பேன், கை நோவென்று நினைத்து ஊசி போட்டிருப்பார்கள்.

கட்டு அவிழ்த்தபிறகு நெடுங்கேணிக்குப் பெண் கேட்டுப் போனோம். அவளுடைய தகப்பன் கச்சான் கடலைத் தோட்டத்திலிருந்து நேரே வந்து, கை கால் கழுவிவிட்டு எனக்கு முன்னால் இருந்தார்.

"தம்பி என்னா வேலை பார்க்கிறீங்க?"

"அலையில நிக்கிறன் ஐயா."

"நின்னு?"

"கரைக்கு வாறன்."

"வந்து?"

"திரும்பிப் போறன்."

அம்மா தலையைக் குனிந்துகொண்டா. தகப்பன் துவாயால் கையைத் துடைத்தார். "நானும் முப்பது வருஷமா யானை விரட்டுறேன். விரட்டினா போகும். போயிட்டுத் திரும்பி வந்துரும். அதுக்குன்னு விரட்டாம இருக்க முடியுமா?" என்றார். பிறகு உள்ளே பார்த்து, "தேத்தண்ணி கொண்டு வாம்மா" என்றார். அவ்வளவுதான் பேச்சு. கோயிலில் பூசையும் வைத்தோம், அவர்கள் குலதெய்வத்துக்குப் பொங்கலும் வைத்தோம்.

கலியாணப் பதிவுக்குக் கடிதம் எடுக்கக் கிராம சேவகரிடம் போனபோது, தொழில் என்ற இடத்தில் அவருடைய பேனை நின்றுவிட்டது.

"அலைச்சறுக்கு எண்டு ஒரு தொழில் நான் எழுதினதில்லை. கடலுக்குப் போறீர்தானே?"

"ஓம்."

"அப்ப கடற்றொழில்."

"நான் மீன் பிடிக்கிறேல்லை ஐயா. சும்மா நிக்கிறன். பொய் எழுதக்கூடாதெல்லோ."

நேர்மையான மனிசன். யோசித்துப் பார்த்து, 'கடற்றொழில் (நின்றபடி)' என்று எழுதி, முத்திரை குத்தித் தந்தார். அந்தக் கடிதத்தில் இன்றைக்கும் நான் அதுதான்.

மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகப் பொருந்திவிட்டது. சோறு சாப்பிட, துவாய் பிழிய ஒரு குறையும் இல்லை. ஆனால் பலகையில் படுத்திருக்கிறவன் எழும்புவதற்கு இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் உன்னவேண்டும். என் இடது கை அரை நொடி பிந்தி உன்னியது. அரை நொடியில் அலை போய்விடும். அடுத்த வருஷம் முதல் சுற்றிலேயே தோற்றேன். அதற்கு அடுத்த வருஷமும் தோற்றேன். என் சுற்றில் வென்ற பெடியன் கரையில் வந்து, "அண்ணா, உங்கட வீடியோ பாத்துத்தான் நான் பழகினனான்" என்றான். எந்த வீடியோ என்று நான் கேட்கவில்லை. அன்றைக்குப் பின்னேரம் அவளுக்குப் போன் எடுத்து, இனிப் போட்டிக்குப் போகவில்லை என்றேன். "சாப்பிட்டீங்களா?" என்றாள். இல்லையென்றேன். "சாப்பிட்டுட்டு முடிவெடுங்க" என்றாள். மீன் ரொட்டி இரண்டு சாப்பிட்டேன். முடிவு மாறவில்லை. ஆனால் சாப்பிட்டபிறகு அது அவ்வளவு பெரிய விஷயமாக இருக்கவில்லை.

இப்போது சோளகத்துக்கு அறுகம்குடாவில் வெள்ளைக்காரருக்குப் பழக்குகிறேன். வாடைக்கு ஊருக்கு வந்து எனக்காக மட்டும் கடலுக்குப் போகிறேன். போன வருஷம் என்னைப் போட்டிக்கு நடுவராகக் கூப்பிட்டார்கள். உயரமான தட்டில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையும், புள்ளி எழுதக் கடதாசியும் தந்தார்கள். ஆட்கள் நிற்பதை இருந்துகொண்டு பார்ப்பது, நிற்பதைவிடக் களைப்பு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டாம் நாள் கடல் படுத்துவிட்டது. ஒரு சுற்றுக்கு இருவர் தண்ணிக்குள் இருந்தார்கள். இருபது நிமிஷமும் ஒரு அலை வரவில்லை. முதல் பத்து நிமிஷம் முறைத்துக்கொண்டு இருந்தவர்கள், பிறகு பலகையில் இருந்தபடி கதைக்கத் தொடங்கினார்கள். கொஞ்சத்தில் ஒருவன் எதையோ சொல்ல மற்றவன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். மணி அடித்தது. எழுதுவதற்கு ஒன்றுமில்லை, இருவருக்கும் பூச்சியம். ஆனால் ஒருவன் அடுத்த சுற்றுக்குப் போகவேண்டும் என்பது விதி. தலைமை நடுவர் எங்கள் ஐந்து பேரையும் பார்த்து, பலகையில் யார் மற்றவனைவிட நன்றாகக் குந்தியிருந்தது என்று கேட்டார்.

"இவன் நிமிர்ந்து இருந்தான்" என்றார் ஒருவர். "அவன் நல்லாச் சிரிச்சான்" என்றார் மற்றவர். விவாதம் சூடு பிடித்தது. அந்த இருவரும் கரைக்கு வந்து, பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு, எங்கள் தட்டுக்குக் கீழே வெயிலில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.

"அண்ணா, யார் வெண்டது?" என்று ஒருவன் கேட்டான்.

"கதைச்சுக்கொண்டு இருக்கிறம். சாப்பாட்டுப் பார்சல் வந்திட்டுது. முதல்ல ரெண்டு பேரும் போய்ச் சாப்பிடுங்கோ" என்றேன்.